பணிக்கான லேப்டாப்பில் சேமிப்பிடத்தைக் கூட்ட வழி வேண்டும்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

திருநெல்வேலியிலும் தாமிரபரணிக் கரையூர்களிலும் படத்தொகுப்பு, ட்ரோன் அளவீடு, கோயில் ஆவணப்பதிவு ஆகிய தொழில்களைச் செய்பவர்களின் சங்கம் எங்களுடையது. ஒர்க்ஸ்டேஷன் என்ற பெயரில் விற்கப்படும் எந்த லேப்டாப்பிலும், வாங்கியவரே கழற்றி மாட்டக்கூடிய எஸ்எஸ்டி ஸ்லாட் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். சேமிப்பகத்தை மதர்போர்டிலேயே பற்றவைத்து விற்பதை நாங்கள் ஏற்கவில்லை.

நொடிக்கு 100 மெகாபிட் அளவில் பதிவாகும் 4கே காணொளி, மணிக்கு 45 ஜிபி பிடிக்கும். மூன்று கேமராக்கள் பத்து மணி நேரம் ஓடும் ஒரு கல்யாணத்துக்கே 1,350 ஜிபி ஆகிவிடும். கடன் வாங்கித் தொழில் தொடங்கும் இளைஞர் 1 டிபியோடு ஆரம்பித்து, வேலை பெருகும்போது இன்னொரு எஸ்எஸ்டி சேர்த்துக்கொள்ள முடிய வேண்டும். ஐந்து வருடத் தேவையை முதல் நாளே கணித்து மொத்தப் பணத்தையும் கட்டச் சொல்வது நியாயமல்ல.

கிளவுடில் ஏற்றலாமே என்பார்கள். நொடிக்கு 50 மெகாபிட் பதிவேற்ற வேகம் தடையின்றிக் கிடைத்தாலும் 1 டிபி ஏற 44 மணி நேரத்துக்கு மேல் ஆகும். 2023 டிசம்பர் பெருமழையில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. பதிவானது; தாமிரபரணி கரைபுரண்டு, பல ஊர்களில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் அறுந்தன. அத்தகைய வெள்ளத்தில் ஈரம் புகுந்து மதர்போர்டு செத்தாலும், தனி எஸ்எஸ்டி பிழைத்திருந்தால் வேறு கணினியில் மாட்டி வேலையை மீட்கலாம். பற்றவைத்ததில் அந்த வாய்ப்பு அரிது.

வெளியே செருகும் டிஸ்க் பேக்கப்புக்கு நல்லது. ஆனால் 10 ஜிகாபிட் யுஎஸ்பியில் வேகம் நொடிக்கு 1 ஜிபி அளவுதான். உள்ளே இருக்கும் நான்காம் தலைமுறை என்விஎம்இ 7 ஜிபி வரை எட்டும்.

மெலிவுக்காகவே சேமிப்பகத்தைப் பற்றவைக்கிறோம் என்கிறார்கள் தயாரிப்பாளர்கள். மெல்லிய லேப்டாப் விரும்புவோருக்கு அது இருக்கட்டும். லெனோவோ திங்க்பேட் பி16, எச்பி இசட்புக் ஃப்யூரி 16 ஆகியவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட எம்.2 ஸ்லாட்டுகள் உள்ளன. எனவே இது முடியாத காரியமல்ல.

எங்கள் கோரிக்கைகள்:

1. தயாரிப்பாளர்கள் இரண்டு எம்.2 2280 ஸ்லாட்டுகளை, அவற்றுக்கான ஸ்க்ரூ, ஹீட்சிங்க் சகிதம் தர வேண்டும். எஸ்எஸ்டி சேர்த்ததைக் காட்டி வாரண்டியை மறுக்கக் கூடாது.

2. ஸ்லாட் எத்தனை, எத்தனை காலி, சேமிப்பகம் பற்றவைத்ததா என்பதைக் கடைக்காரர்கள் விலைப்பட்டியலிலேயே குறிப்பிட வேண்டும்.

3. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் உள்ளிட்ட பொது நிறுவனங்கள் தங்கள் டெண்டரில் இரண்டு ஸ்லாட் இருப்பதை நிபந்தனையாக்க வேண்டும்.

4. பிரான்சில் 2021 முதல் லேப்டாப்புகளுக்குப் பழுதுநீக்கக் குறியீடு கட்டாயம். 2022இல் பழுதுநீக்க உரிமைக்கு இணையவாசல் திறந்த ஒன்றிய அரசு, இங்கும் அத்தகைய குறியீட்டை லேப்டாப்புகளுக்குக் கட்டாயமாக்கி, சேமிப்பகத்தை மாற்றும் வசதிக்கு அதில் மதிப்பெண் தர வேண்டும்.

சேமிப்பகம் பற்றவைக்கப்பட்ட லேப்டாப்பை இந்தத் தொழில்களுக்கு எங்கள் சங்கம் பரிந்துரைக்காது. இரண்டாவது எஸ்எஸ்டி இருந்தாலும், முடித்த வேலையின் ஒரு நகலை வேறொரு கட்டடத்தில் வைப்பதை உறுப்பினர் அனைவரும் கடைப்பிடிப்போம்.