ஞாயிறு ஒன்பது மணி



ஜூன் மாதம் பிறந்து பள்ளிகள் திறந்ததும் நம் ஆலயங்களில் ஓர் அறிவிப்பு வாசிக்கப்படுவதை நீங்கள் ஆண்டுதோறும் கேட்டிருப்பீர்கள். "மறைக்கல்வி வகுப்புகள் தொடங்கவிருக்கின்றன. ஆசிரியப் பணிக்கு முன்வர விரும்புவோர் பங்குக் குருவைச் சந்திக்கவும்" என்பதே அது. அறிவிப்பைக் கேட்டு முன்வருவோர் யார்? கல்லூரி மாணவியர் சிலர், பள்ளி ஆசிரியைகள் சிலர், மருத்துவமனையில் பணிபுரியும் செவிலியர் ஓரிருவர், கடையிலும் தொழிற்கூடத்திலும் வேலை பார்க்கும் இளைஞர் ஓரிருவர். ஓய்வாக இருப்பவர்கள் வருவது அரிது. ஏற்கெனவே ஒரு வேலையில் முதுகு வளைத்தவர்களே இந்தச் சுமைக்கும் தோள் கொடுக்கிறார்கள்.

முன்வந்தவர்களில் சிலர் ஆகஸ்டு மாதம் வருவதற்குள் பின்வாங்கிவிடுகிறார்கள். அட்வெந்து காலம் தொடங்கும்போது மேலும் சிலரைக் காணோம். அவர்களைப் பற்றி ஆலய முற்றத்தில் எழும் பேச்சு நமக்குத் தெரிந்ததே: "மனமிருந்தால் மார்க்கமுண்டு, மனமில்லை, அவ்வளவுதான்." இந்தத் தீர்ப்பு சரிதானா என்பதை இம்மாதம் நாம் சற்று ஆராய விரும்புகிறோம். ஏனெனில் இத்தீர்ப்பினால் நாம் இழப்பது ஓர் ஆசிரியரை மட்டுமன்று. அவர் முன்னால் அமர்ந்திருந்த இருபது பிள்ளைகளின் ஓர் ஆண்டையும் சேர்த்தே இழக்கிறோம்.

உழைப்பின் கடிகாரம்

நாம் வாழும் உப்பளத்தையே எடுத்துக்கொள்வோம். உப்புப் பாத்திகளால் பெயர் பெற்ற பகுதி இது. கிழக்கே கடலும் துறைமுகமும், வடக்கே வெள்ளையர் நகரம் என்று வழங்கும் பழைய பிரெஞ்சு வீதிகளும், மேற்கே முதலியார்பேட்டையும் அமைந்திருக்கின்றன. கடிகாரத்திற்குக் கட்டுப்பட்டு உழைத்த மக்கள் இப்பகுதியில் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகிறார்கள். 1898-ஆம் ஆண்டு தோன்றிய ரோடியர் மில் முதலியார்பேட்டையில்தான் இருந்தது. மில் சங்கு ஊதினால் அடுப்பு மூட்டுவதும், அடுத்த சங்குக்குச் சோற்றுத் தூக்குடன் புறப்படுவதும் அக்காலக் குடும்பங்களின் நடைமுறை.

அந்த உழைப்புக்கும் ஓர் எல்லை வேண்டுமென்று இந்நகரத் தொழிலாளர் இரத்தம் சிந்திப் போராடினர். 1936-ஆம் ஆண்டு ஜூலை 30 அன்று பிரெஞ்சு அரசின் துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் மாண்டனர். அதன் பின்னரே எட்டு மணி நேர வேலை என்பது இங்கே சட்டமாயிற்று. திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-ஆம் ஆண்டு தொழிலாளர் நிலை பற்றி வரைந்த சுற்றுமடலில் ஞாயிறு ஓய்வை உழைப்பாளியின் உரிமையாக வற்புறுத்தியதும் இதே காரணத்தால்தான். மனிதன் முழுவதையும் வேலை விழுங்கிவிட்டால் இறைவனுக்கும் இல்லத்திற்கும் கொடுக்க அவனிடம் எதுவும் மிஞ்சாது.

மில்களில் பகல் முறை, மாலை முறை, இரவு முறை என்று வேலை மாறி மாறி வந்தது. அது கடினமாயினும் முன்கூட்டியே தெரிந்த கடினம். இந்த வாரம் இரவு என்றால் அடுத்த வாரம் என்ன என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். அதற்கேற்பத் தொழிலாளி தன் ஞாயிற்றை ஒதுக்கிக்கொள்ள முடிந்தது. அந்த மில் 2020-ஆம் ஆண்டு மூடப்பட்டுவிட்டது. அதன் தொழிலாளர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று வேறு வேலைகளில் இருக்கிறார்கள்.

அவை எத்தகைய வேலைகள்? சனி ஞாயிறுகளில்தான் வெளியூரார் திரள் திரளாகப் புதுச்சேரிக்கு வருகின்றனர். தங்கும் விடுதியிலும் உணவகத்திலும் பணிபுரிவோருக்கு மற்றவர்களின் விடுமுறை நாளே கடும் உழைப்பு நாள். காந்தி வீதியின் ஞாயிறு சந்தையில் கடை விரிப்பவருக்கு வாரத்தின் பெரிய வருமானம் அன்றுதான். கோரிமேட்டிலுள்ள ஜிப்மரிலோ நகரின் வேறு மருத்துவமனைகளிலோ பணியாற்றும் செவிலியருக்கு நோயாளிகள் ஞாயிறு என்று பார்த்து வருவதில்லை. மேட்டுப்பாளையத்திலும் சேதராப்பட்டிலும் உள்ள தொழிற்கூடங்களில் இரவு வேலை முடித்து வருபவர், காலைத் திருப்பலியில் கண் சொருகாமல் நிற்பதே பெரிது. இவர்களில் பலருக்கு அடுத்த வார வேலை இன்னதென்று வெள்ளிக்கிழமை மாலை கைப்பேசியில் வரும் செய்தியைப் பார்த்தபின்தான் தெரிகிறது.

ஆகவே இன்றைய குறை நேரம் இல்லாமை மட்டுமன்று. தமக்கு எந்த நேரம் இருக்கும் என்பதை அறிய இயலாமையே பெருங்குறை. "ஆண்டு முழுவதும் ஒவ்வொரு ஞாயிறும் ஒன்பது மணிக்கு வருவேன்" என்று வாக்களிக்க இவர்களால் இயலாது. வாக்களிக்க இயலாதவரை மனமில்லாதவர் என்று சொல்வது நீதியாகுமா?

திருச்சபை கடந்து வந்த வழி

இச்சிக்கல் திருச்சபைக்குப் புதியதன்று. திருத்தூதர் பணி நூலின் பதினெட்டாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் கூடாரம் செய்து பிழைத்த தம்பதியர். புனித பவுலும் அதே தொழிலைச் செய்து அவர்களோடு தங்கியிருந்தார். நாவன்மை மிக்க அப்பொல்லோ என்பவருக்கு இறைநெறியை இன்னும் திருத்தமாக விளக்கியவர்கள் இத்தம்பதியரே. கை தொழில் செய்தது, வாய் மறையுண்மை பேசியது. அவர்கள் ஒருவராக அன்றி இருவராகக் கற்பித்தார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பதினாறாம் நூற்றாண்டில் மிலான் நகரில் கஸ்தெல்லினோ என்னும் குரு, தெருவில் திரிந்த சிறுவர்களுக்காக ஞானோபதேசப் பள்ளிகளைத் தொடங்கினார். கற்பித்தவர்கள் பெரும்பாலும் பொதுநிலையினர். ஞாயிறும் திருநாளும் பள்ளி நாட்களாயின. உழைக்கும் மக்கள் கைவேலையை நிறுத்திய நாட்கள் அவையே. 1563-ஆம் ஆண்டு திரிதெந்தின் பொதுச்சங்கமும், ஞாயிறு தோறும் திருநாள் தோறும் சிறுவர்க்கு விசுவாசத்தின் அடிப்படைகள் கற்பிக்கப்பட வேண்டுமென்று ஆணையிட்டது.

நம் தமிழகக் கரையிலோ புனித சவேரியார் 1542-ஆம் ஆண்டு முதல் முத்துக்குளித்துறையின் ஊர்களில் செபங்களைத் தமிழில் கற்பித்தார். ஓர் ஊரை விட்டு அடுத்த ஊருக்குப் போகுமுன் கணக்கப்பிள்ளை ஒருவரை அங்கே நியமித்து, அவருக்கு ஊதியமும் ஏற்பாடு செய்தார். பின்னாளில் நம் ஊர்களில் உபதேசியார் என்று மதிக்கப்பட்டவர்கள் இவ்வழியில் வந்தவர்களே. அவர்களுக்கு அதுவே வேலை. இன்றைய மறைக்கல்வி ஆசிரியருக்கோ வேலை வேறு, ஊதியம் வேறிடத்தில். உபதேசியாரிடம் எதிர்பார்த்த முழு நேரத்தை இவரிடம் எதிர்பார்ப்பது பொருந்தாது.

நேரம் குறிக்கப்படாத மறைக்கல்வியும் உண்டு. 1741-ஆம் ஆண்டு குளச்சல் போரில் பிடிபட்டுத் திருவிதாங்கூர் மன்னரின் படைத்தளபதியான தெலனாய், அரசுப் பணியிலிருந்த நீலகண்ட பிள்ளைக்கு விசுவாசத்தை எடுத்துரைத்தார். யோபுவின் வரலாற்றைச் சொல்லி அவருடைய மனத்துயரை ஆற்றினார் என்பது மரபு. இருவரும் அலுவல் உள்ளவர்கள். வகுப்பறையோ மணியோ அவர்களுக்கு இருந்ததில்லை. அந்த மாணவர் 1745-ஆம் ஆண்டு வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். 2022-ஆம் ஆண்டு மே 15 அன்று புனிதர் தேவசகாயமாக உயர்த்தப்பட்டார்.

பிரெஞ்சு நாட்டிலிருந்தும் நாம் ஒரு செய்தி எடுத்துக்கொள்ளலாம். 1882-ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பள்ளிகளிலிருந்து சமய பாடத்தை அகற்றியபோது, பெற்றோர் விரும்பினால் பிள்ளைகளுக்கு வெளியே சமயக் கல்வி அளிக்கும் பொருட்டு ஞாயிறு நீங்கலாக வாரத்தில் ஒரு நாளைப் பள்ளிகள் விட்டுக்கொடுத்தன. நெடுங்காலம் அது வியாழக்கிழமையாக இருந்தது; 1972-இல் புதனுக்கு மாறியது. மறைக்கல்விக்கு ஞாயிறு ஒன்றே கதி என்னும் விதி எங்கும் இல்லை என்பதற்கு இது சான்று. திருத்தந்தை புனித பத்தாம் பத்திநாதர் 1905-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில், பெரியோருக்கான மறைக்கல்வியைப் பிள்ளைகளின் வகுப்பு நேரம் நீங்கலாக, மக்களுக்கு வசதியான வேளையில் நடத்துமாறு பங்குக் குருக்களைப் பணித்தார். மக்களின் வசதியைக் கேட்பது தளர்ச்சியன்று. திருச்சபையின் ஒழுங்கே அது.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, ஒரு வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்னும் வழக்கத்தை விட்டு, இருவர் என்று வைப்போம். ஆண்டவர் தம் சீடரை இருவர் இருவராக அனுப்பினார். ஒருவருக்கு வேலை வந்தால் மற்றவர் நடத்துவார். வகுப்புக்கென்று ஒரு குறிப்பேடு இருக்கட்டும். எந்தப் பாடம் முடிந்தது, எந்தப் பிள்ளை வரவில்லை, எவனுக்குத் தனிக் கவனிப்பு வேண்டும் என்பதை அன்றன்றே அதில் எழுதினால் அடுத்து வருபவர் தடுமாற மாட்டார். இருவரை இணைக்கும்போது, இருவரும் ஒரே விதமான வேலையில் இல்லாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு செவிலியரை இணைத்துவிட்டு இருவருக்கும் இரவுப் பணி வந்ததென்று வருந்திப் பயனில்லை.

"பிள்ளைகளுக்கு ஒரே முகம் வேண்டாமா?" என்று சிலர் கேட்கக்கூடும். வேண்டும். ஆயினும் ஆகஸ்டு மாதம் மறைந்துவிடும் ஒரு முகத்தைவிட ஆண்டு முழுவதும் மாறி மாறித் தோன்றும் இரண்டு முகங்கள் மேலல்லவா? வீட்டிலும் பிள்ளைக்குத் தாய் ஒரு முகம், தந்தை ஒரு முகம்.

இரண்டாவது, ஆண்டுக்கு வாக்குக் கேட்பதை விட்டு மாதத்துக்கு வாக்குக் கேட்போம். மாதத்தின் கடைசி வாரத்தில் அடுத்த மாத அட்டவணையை வகுத்துவிடலாம். மாதத்தில் இரண்டு ஞாயிறுகள் தர இயலும் என்பவரை நாம் முழு மனத்தோடு வரவேற்க வேண்டும். அவரை அரை ஆசிரியராக எண்ணலாகாது.

மூன்றாவது, ஆசிரியர்களின் தலையில் வேறு வேலைகளை ஏற்றுவதை நிறுத்துவோம். மறைக்கல்வி ஆசிரியையே பாடகர் குழுவிலும், அவரே திருவிழா அலங்காரத்திலும், அவரே ஆண்டுவிழா நாடகத்திலும் இருக்கிறார். கேட்டால் மறுக்க மாட்டார் என்பதற்காகவே அவரிடம் கேட்கிறோம். பின்னர் அவர் களைத்து விலகும்போது வியப்படைகிறோம்.

நான்காவது பயிற்சி. திண்டிவனத்திலுள்ள நம் மறைக்கல்வி நடுநிலையம் நல்ல நூல்களையும் பயிற்சிகளையும் அளித்து வருகிறது. ஆனால் விடுப்பு எடுத்தால் ஊதியம் இழப்பவருக்கு நீண்ட பயிற்சி எட்டாக்கனி. மாலையில் ஒன்றரை மணி நேரமாக, பங்கிலேயே பகுதி பகுதியாக அதைக் கொடுக்கலாம். பேருந்துக் கட்டணத்தையும் நூல்களின் விலையையும் பங்கு ஏற்பது கடமை. நேரத்தை இலவசமாகத் தருபவர் பணத்தையும் தரவேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையன்று.

ஐந்தாவது, ஞாயிறு காலை அறவே இயலாதவர்க்கு வேறு வேளை உண்டு. சனி மாலையில் ஓர் அன்பியத்தின் வீட்டில் பத்துப் பிள்ளைகளை அமர்த்தி நடத்தும் வகுப்பும் மறைக்கல்வியே. முதல் நற்கருணைக்கும் உறுதிபூசுதலுக்கும் ஆயத்தப்படுத்தும் வகுப்புகளை இவ்வாறு நடத்துவது எளிது.

ஒவ்வொருவருக்கும் ஒரு சொல்

பெற்றோரே, 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, பிள்ளைகளை விசுவாசத்தில் வளர்க்கும் கடமை மற்ற எவரையும்விட முதலில் உங்களுடையதே என்கிறது. ஆசிரியர் உங்களுக்குத் துணை. உங்களுக்குப் பதிலாள் அல்லர். பத்தாம் வகுப்பு வந்ததும் ஞாயிறு காலையைத் தனிப்பயிற்சிக்கு விற்றுவிட்டு, "மறைக்கல்வியில் ஒழுங்கில்லை" என்று குறை கூறாதீர்கள். இரவுப் பணி முடித்து உறங்காமல் வந்த ஆசிரியை காலியான பெஞ்சுகளைக் காணும்போது அவர் மனம் என்ன பாடுபடும் என்று எண்ணிப் பாருங்கள்.

கடையோ தொழிலோ நடத்தும் நம் கத்தோலிக்க முதலாளிகளே, உங்களிடம் வேலை செய்பவர் மறைக்கல்வி ஆசிரியராக இருந்தால், ஞாயிறு காலை இரண்டு மணி நேரத்தை அவருக்கு விட்டுக்கொடுங்கள். அது இயலாதெனில் வேலை அட்டவணையையாவது பத்து நாள் முன்னதாகச் சொல்லுங்கள். உங்களுக்குச் செலவில்லாத உதவி அது. பிள்ளைகளுக்கோ பெரிய வரம்.

ஓய்வு பெற்ற அன்பர்களே, "எங்களுக்கு வயதாகிவிட்டது" என்று ஒதுங்க வேண்டா. இணை ஆசிரியராக வகுப்பில் அமர்ந்து வருகைப் பதிவு எடுப்பதும், வராத பிள்ளையின் வீட்டைத் தேடிச் செல்வதும் உங்களால் இயலும்.

இறுதியாக, விலகிப்போன ஆசிரிய அன்பர்களே, உங்களை நாம் மறக்கவில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2021-ஆம் ஆண்டு மே 10 அன்று வெளியிட்ட மடலில் மறைக்கல்வியாளர் பணியைத் திருச்சபையின் நிலையான திருப்பணியாக ஏற்படுத்தினார். அத்தகைய பணியில் பங்கேற்ற நீங்கள், வர இயலாத ஞாயிறுகளை எண்ணி வெட்கப்பட வேண்டா. எந்த ஞாயிறு இயலும் என்று மட்டும் சொல்லுங்கள். அதற்கேற்ற இடத்தைப் பங்கு தேடித் தரும். ஊர் கூடித் தேர் இழுக்கும்போது எல்லாரும் எல்லாத் தெருவிலும் வடம் பிடிப்பதில்லை. ஆயினும் தேர் நிலைக்கு வந்து சேருகிறது.

வரும் ஞாயிறு திருப்பலிக்குப் பின், மாத அட்டவணைக்கான தாளும் எழுதுகோலும் உங்கள் பங்கு ஆலயத்தின் வாயிலருகே மேசையில் இருக்கட்டும். பெயரை எழுதுங்கள், இயலும் நாளையும் எழுதுங்கள். சிறு குழந்தைகளைத் தம்மிடம் வரவிடச் சொன்ன ஆண்டவர், அவர்களைக் கைபிடித்து அழைத்து வருபவர்களின் களைப்பையும் அறிவார்.