மூணாவது டப்பாவா, மிளகு டப்பாவா?

ஊருக்குப் போயிருக்கும் அம்மா, போனிலேயே மகளுக்கு ரசம் வைக்கச் சொல்லிக்கொடுக்கிறார்.

“மேல் தட்டுல, இடது பக்கத்துலேருந்து மூணாவது டப்பா. அதுதான் மிளகு, எடு.”

“அம்மா, இதுல வெந்தயம் இருக்கு.”

“வெந்தயம் எப்படி அங்க வரும்?”

“நேத்து அப்பாதாம்மா அலமாரியைத் துடைச்சார். பெருசு, சின்னதுன்னு உயர வரிசையா அடுக்கி வெச்சிருக்கார்.”

“அந்த மனுஷனை யாரு அடுக்கச் சொன்னா? சரி, டப்பா மேல பேர் எழுதியிருக்கா பாரு.”

ரசம் கொஞ்சம் காத்திருக்கட்டும். அம்மா முதலில் இடத்தைச் சொல்லிக் கேட்டார். அது பலிக்கவில்லை என்றதும் பெயரைத் தேடச் சொன்னார். உங்கள் போனில் திறக்கும் இணையப் பக்கங்களை எழுதுகிறவர்களுக்கும் தினமும் இதே பிரச்னைதான். நீங்கள் தொட்ட பொருளே திறக்கிறதா, பக்கத்தில் இருந்தது திறக்கிறதா என்பது, அவர்கள் இந்த இரண்டில் எந்த வழியில் கேட்டு எழுதினார்கள் என்பதில் இருக்கிறது.

போனில் ஒரு கடையின் பக்கத்தைத் திறக்கிறீர்கள். நாற்பது பொருள்கள். பல பக்கங்களில் அந்த நாற்பதின் பெயர், விலை, எடை எல்லாம் ஒரே தவணையில் சர்வரிலிருந்து கிளம்பி வந்து, உங்கள் போனின் பிரவுசருக்குள் உட்கார்ந்துவிடும். பிறகு ஒரு பொருளைத் தொட்டால், அதைக் கேட்டு மறுபடி சர்வர் வரை ஓட வேண்டியதில்லை. கைவசம் இருக்கும் பட்டியலிலிருந்து அந்த ஒன்றை உருவிக் காட்டினால் போதும். பஸ்ஸில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும்போதுகூட சில பக்கங்கள் டக்கென்று திறப்பது இதனால்தான்.

உருவிக் காட்டும் வேலையைச் செய்வது ஜாவாஸ்கிரிப்ட். 1995 மே மாதம், நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாளில் முதல் வடிவத்தை எழுதி முடித்த மொழி. ஆரம்ப காலத் தழும்புகள் சில இன்றும் அதன் உடம்பில் உண்டு. அவற்றில் ஒன்றிரண்டு கீழே வரும்.

இடத்தைச் சொல்லிக் கேட்பதுதான் இருப்பதிலேயே சுலபம். ஜாவாஸ்கிரிப்ட் பட்டியலில் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். முதல் பொருள் 0, இரண்டாவது 1, மூன்றாவது 2. நம் அடுக்குமாடிகளில் தரைத்தளத்தை விட்டுவிட்டு அதற்கு மேலே இருப்பதை முதல் மாடி என்கிறோமே, அந்தக் கணக்குதான். 2-ஆம் இடத்தில் இருப்பதைக் கொடு என்றால் கண் இமைக்கும் முன் கொடுத்துவிடும். அங்கே இருப்பது மிளகா, வெந்தயமா என்று அது பார்ப்பதே இல்லை.

வீட்டிலேயே பொடி அரைத்து விற்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். வந்திருக்கும் ஆர்டர்கள் அவர் போனில் வரிசையாகத் தெரிகின்றன, புதியது மேலே. மூன்றாவதாக இருக்கும் இட்லிப் பொடி ஆர்டரை பேக் செய்து கூரியரில் கொடுத்துவிட்டு, அதைத் தொட்டு ‘அனுப்பியாச்சு’ பட்டனைத் தேடுகிறார். அந்த நொடி பார்த்து மேலே புதிதாக ஓர் ஆர்டர் வந்து விழுகிறது. எல்லாம் ஒரு படி கீழே இறங்குகின்றன. பக்கத்தை எழுதியவர், தொடப்பட்டது ‘மூன்றாவது’ என்று மட்டும் குறித்து வைத்திருந்தால், இப்போது ‘அனுப்பியாச்சு’ முத்திரை விழுவது பருப்புப் பொடி ஆர்டரின் மீது. பருப்புப் பொடி கேட்டவருக்கு ‘உங்கள் பார்சல் கிளம்பிவிட்டது’ என்று செய்தி போகும். அவர் வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான், ஏனென்றால் அவருடைய பொடி அரைபடவே போவதில்லை. பட்டியலில் அது முடிந்த கணக்கு.

பொடி என்பதால் ஒரு மன்னிப்போடு போய்விடும். அதே பட்டியலில் மருந்துகள் இருந்தால், பணம் அனுப்ப வேண்டியவர்களின் பெயர்கள் இருந்தால்?

அதனால்தான் ஒவ்வொரு பொருளுக்கும் மாறாத ஓர் எண்ணைக் கொடுத்து, அந்த எண்ணைச் சொல்லியே கேட்க வேண்டும் என்கிறார்கள் அனுபவசாலிகள். விலைப்படி அடுக்கினாலும், நடுவில் நாலு பொருள் தீர்ந்துபோனாலும், எண் பொருளோடு ஒட்டிக்கொண்டே இருக்கும்.

இந்த வித்தியாசத்தை அழகாகப் பிரித்துக் காட்டியது 2010-ல் ஜெரமி அஷ்கெனாஸ் வெளியிட்ட பேக்போன் என்ற மென்பொருள் கருவி. பிரவுசருக்குள் பட்டியல்களை வைத்து நிர்வகிப்பது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. அதில் ஒன்றை எடுக்க இரண்டு தனித்தனிக் கதவுகள். ‘அட்’ என்று கேட்டால் இடத்தின்படி தரும். ‘கெட்’ என்று கேட்டால் அடையாள எண்ணின்படி தரும். எழுதுகிறவர், தான் எந்தக் கதவைத் தட்டுகிறோம் என்று ஒரு கணம் யோசித்தே ஆக வேண்டும். இன்று புதுப்புதுக் கருவிகள் வந்து பேக்போனை ஓரம் கட்டிவிட்டன. ஆனாலும் அந்த ஒரு கண யோசனை பெரிய உபகாரம்.

இன்னொரு நுட்பமும் அதில் உண்டு. நீங்கள் இப்போதுதான் போனில் சேர்த்த பொருள், இன்னும் சர்வரில் பதிவாகவில்லை. அதற்கு எண் ஏது? பிறந்த குழந்தைக்குப் பெயர் வைக்கும் வரை ஆஸ்பத்திரியில் கையில் ஒரு பட்டை கட்டிவிடுவார்கள் அல்லவா, அதுபோல ‘சி1’, ‘சி2’ என்று பேக்போன் ஒரு தற்காலிக அடையாளம் கட்டிவிடும். அதைச் சொல்லிக் கேட்டாலும் ‘கெட்’ எடுத்துத் தரும்.

எண்ணைச் சொன்னதும் அது பட்டியல் முழுக்கத் தேடுவதில்லை. எந்த எண் எந்தப் பொருள் என்று பக்கத்திலேயே தனியாக ஒரு பேரேடு வைத்திருக்கும். நேராக அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடும். பேரேடு இல்லாவிட்டால் வரிசையில் நடந்துபோய், ஒவ்வொன்றிடமும் “நீதானா?” என்று கேட்க வேண்டும். 2015-ல் ஜாவாஸ்கிரிப்டுக்கு இரண்டுமே சொந்தமாகக் கிடைத்தன. நடந்துபோய்க் கேட்க ‘ஃபைண்ட்’, பேரேடாக ‘மேப்’. ஃபைண்ட் முதலில் பொருந்துவதைக் கண்டதும் நின்றுவிடும். அதற்கு முன்னால் பலரும் 2009-ல் வந்த ‘ஃபில்டர்’ என்பதை வைத்துத்தான் காலம் தள்ளினார்கள். அது கடைசி வரை நடந்து, கிடைத்தது ஒன்றே ஆனாலும் ஒரு பைக்குள் போட்டுக் கொண்டுவரும். பையைப் பிரித்து எடுப்பது உங்கள் பாடு.

நாற்பது பொருள்களுக்கு எப்படிக் கேட்டாலும் வித்தியாசம் தெரியாது. ஐயாயிரம் ஆர்டர்கள், ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் வாடிக்கையாளர்களில் ஒருவரைத் தேட வேண்டும் என்றால் கதை வேறு. நடந்தே தேடினால் அதிகபட்சம் இரண்டரைக் கோடி “நீதானா?”. போன் சூடாகிவிடும். பேரேடு இருந்தால் ஐயாயிரம் முறை புரட்டினால் வேலை முடிந்தது. ஆனால் வேகத்தைப் பற்றிக் கவலைப்படுகிற அளவுக்கு, கேட்டது கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று பலர் கவலைப்படுவதில்லை. விபரீதம் அங்கேதான் இருக்கிறது.

இல்லாததைக் கேட்டால்...

“வணக்கம், அன்டிஃபைன்டு!” என்று ஒரு பக்கம் உங்களை வரவேற்றிருக்கலாம். விலை இருக்க வேண்டிய இடத்தில் அதே சொல் நின்றிருக்கலாம். கேட்டது இல்லை என்றால் ஜாவாஸ்கிரிப்ட் சத்தம் போடாது. ‘அன்டிஃபைன்டு’ என்ற வெற்றிடத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடும். எழுதியவர் அதைக் கவனிக்காமல் அந்த வெற்றிடத்திடம் “உன் விலை என்ன?” என்று கேட்டால், அப்போதுதான் அது கோபித்துக்கொள்ளும். பல நேரம் திரை வெள்ளையாக நிற்பது அந்தக் கோபம்தான். கோபத்தை அடக்க 2020-ல் ஒரு வழி வந்தது. கேள்விக்குறியும் புள்ளியும் சேர்த்துப் போட்டால் இல்லாததிடம் எதையும் கேட்காமல் தாண்டிவிடும். இது வலி தெரியாமல் இருக்க மாத்திரை போடுவது மாதிரி. ‘இந்தப் பொருள் இப்போது இல்லை’ என்று ஒரு வரி காட்டுவதுதான் மரியாதை.

இதைவிட மோசமானது, சத்தமே இல்லாமல் நடக்கும் திருட்டு. ‘இண்டெக்ஸ்ஆஃப்’ என்றொரு கேள்வி உண்டு. ஒரு பொருள் பட்டியலில் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும். இல்லாவிட்டால் -1 என்று சொல்லும். ‘ஸ்ப்ளைஸ்’ என்பது குறிப்பிட்ட இடத்தில் இருப்பதை நீக்கும் கட்டளை. அதனிடம் -1 என்று சொன்னால், கடைசியிலிருந்து முதலாவது என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளும்! ஒன்று ‘இல்லை’ என்று சொல்ல, இன்னொன்று ‘கடைசி’ என்று கேட்டுக்கொள்கிறது.

தாத்தா ஒருவர் கார்ட்டில் இருக்கும் சோப்பை நீக்கத் தட்டுகிறார். தட்டியது விழுந்ததோ இல்லையோ என்ற சந்தேகத்தில், காலிங் பெல் அமுக்குவது போல, இன்னொரு முறை தட்டுகிறார். முதல் தட்டில் சோப்பு போய்விட்டது. இரண்டாவது தட்டில் சோப்பைத் தேடினால் இல்லை, -1. கடைசியாகச் சேர்த்திருந்த சர்க்கரை மாத்திரை நீக்கப்படுகிறது. தாத்தா பணம் கட்டிவிட்டு, மறுநாள் பெட்டியைத் திறந்துதான் தெரிந்துகொள்வார். “நீங்கதான் சேர்க்க மறந்திருப்பீங்க தாத்தா” என்று வீட்டில் அவர் மீதே பழி விழும். பாவம், அவர் மறக்கவில்லை. -1 வந்ததா என்று ஒரு வரி சரிபார்த்திருந்தால் மாத்திரை பத்திரமாக இருந்திருக்கும்.

எண்ணைச் சொல்லிக் கேட்பதிலும் வழுக்கல் உண்டு. திரையில் பட்டனோடு ஒட்டி வைத்த எண்ணைத் திரும்பப் படித்தால், அது எழுத்தாகத்தான் வரும். பட்டியலில் இருப்பதோ எண். எண்ணான 7-ம் எழுத்தான ‘7’-ம் ஜாவாஸ்கிரிப்டின் கறாரான ஒப்பீட்டில், அதாவது மூன்று சமக்குறி போட்டுக் கேட்டால், வேறு வேறு. ‘மேப்’ பேரேடும் அப்படியே பிரித்துத்தான் பார்க்கும். பொருள் கண்ணெதிரே இருக்கும், கேட்டால் இல்லை என்று வரும். புதிதாக எழுதக் கற்றுக்கொள்கிறவர்கள் ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து தலையைப் பிய்த்துக்கொள்வது இங்கேதான். இரண்டு சமக்குறி போட்டால் ஒன்றென்று ஒப்புக்கொள்ளும். ஆனால் அது வெற்று எழுத்தையும் பூஜ்யத்தையும்கூட ஒன்றென்று சொல்லிவிடும். மேலே சொன்ன தழும்புகளில் இது ஒன்று.

இன்னொரு தழும்பு 2010-ல் ட்விட்டருக்கே வேலை வைத்தது. ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண்கள் முழு எண்களைப் பிசகாமல் வைத்துக்கொள்வது 9007199254740991 வரைதான். அதைத் தாண்டிய 9007199254740993-ஐக் கொடுத்துப் பாருங்கள், 9007199254740992 என்று படிக்கும். ஒரு வீடு தள்ளிப் போய்க் கதவைத் தட்டுகிற மாதிரி. ட்விட்டர் அந்த வருடம் பதிவுகளுக்கு மிகப் பெரிய எண்கள் கொடுக்கும் முறைக்கு மாறியபோது, பிரவுசருக்குள் எண்கள் சிதைந்துவிடும் என்பதால், ஒவ்வொரு எண்ணையும் எழுத்து வடிவத்திலும் சேர்த்தே அனுப்பத் தொடங்கியது. 12 இலக்க ஆதார் எண்ணுக்கு இந்த ஆபத்து இல்லை. 16 இலக்கத்துக்கு வந்தால் உண்டு. எப்படிப் பார்த்தாலும் அடையாள எண்ணை எழுத்தாகவே வைத்துக்கொள்வதுதான் நல்லது. இரண்டு பேருடைய ஆதார் எண்ணைக் கூட்டிப் பார்க்கும் தேவை யாருக்கு வரப்போகிறது?

கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இதையெல்லாம் நம்ப வேண்டியதில்லை. கம்ப்யூட்டரில் குரோம் பிரவுசரைத் திறந்து எஃப்12 அழுத்தி, ‘கன்சோல்’ என்ற இடத்தில் மூன்று பொருள்களை எழுதி, இல்லாத நான்காவதை நீக்கிப் பார்க்கலாம். எழுதத் தெரியாதவர்களுக்கும் ஒரு பயன் உண்டு. தவறான பொருள் வந்துவிட்டால், கஸ்டமர் கேரில் “நேத்து போட்டதுல ரெண்டாவது ஆர்டர்” என்று சொல்லாமல் ஆர்டர் எண்ணைப் படித்துச் சொல்லுங்கள். அவர்கள் திரையில் இரண்டாவதாக இருப்பது வேறாக இருக்கலாம்.

ரசத்துக்கு வருவோம். பெயரைச் சொல்லிக் கேட்டும் பிழைக்க முடியாத ஓர் இடம் பாக்கி இருக்கிறது. ஒரே பெயரில் இரண்டு இருந்தால் ஃபைண்ட் முதலில் கண்ணில் படுவதைத் தூக்கிக் கொடுத்துவிடும். இரண்டாவது ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது.

“அம்மா, பேர் எழுதின டப்பா கிடைச்சிடுச்சு. ‘மி’ன்னு போட்டிருக்கு.”

“அதான், அதான். எடு.”

“ரெண்டு டப்பாவுல ‘மி’ன்னு இருக்கும்மா.”

போனில் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“ஒண்ணு மிளகாய்த்தூள். திறந்து பாத்துட்டுப் போடு.”