நகல் கன்று யாருக்காக?

ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குக் கிடாயோடு வரும் விவசாயத் தொழிலாளிக்கு ஆடுதான் சேமிப்பு. கலியாணமோ வைத்தியச் செலவோ வந்தால் முதலில் விலை போவது அதுதான். ஆகவே, ஆடுமாடுகளுக்கு நகல் எடுக்கும் விஞ்ஞானம் நமக்கெதற்கு என்று நாம் இருந்துவிட முடியாது.

இதைக் குளோனிங் என்கிறார்கள். ஒரு முட்டையின் உட்கருவை நீக்கி, நகலெடுக்கும் பிராணியின் உயிரணுவை அதில் சேர்க்கிறார்கள். வளர்ந்த கருவை வேறொரு தாயின் வயிற்றில் வைக்கிறார்கள். 1996-ல் ஸ்காட்லாந்தில் டாலி என்ற ஆட்டுக்குட்டி இப்படிப் பிறந்தது. 277 முட்டைகளில் முயன்று, 29 கருக்களை 13 ஆடுகளின் வயிற்றில் வைத்து, கிடைத்தது அந்த ஒரே குட்டி!

நம் நாட்டில், கர்னால் தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தில், 2009 பிப்ரவரியில் பிறந்த நகல் எருமைக் கன்று சில நாட்களில் செத்தது. அதே ஆண்டு ஜூனில் பிறந்த கரிமா இரண்டாண்டுக்கு மேல் வாழ்ந்தது. 2010-ல் பிறந்த இரண்டாம் கரிமா 2013-ல் கன்று ஈன்றது. 2023 மார்ச்சில் கிர் பசுவின் நகலான கங்கா பிறந்தது.

இது தெய்வ குற்றம் என்பார் சிலர். நாம் அப்படிச் சொல்லவில்லை. ஆலைக்குப் புது இயந்திரம் வந்தபோது இயந்திரத்தோடா சண்டையிட்டோம்? அதன் பலன் யாருக்கு என்றல்லவா கேட்டோம்! இங்கும் கேள்வி அதுதான்.

கிடாய்க் கறி உண்ணும் நாம் பொய்க் கருணை பேசமாட்டோம். ஆனால், வாயில்லா ஜீவன் படும் நோவுக்கு ஒரு நியாயம் வேண்டும். ஏழை வீட்டுக் குழந்தைக்குப் பால் பெருகுமானால் அது ஒரு நியாயம். அர்ஜெண்டினாவில் 2016-ல் ஒரு போலோ ஆட்டக்காரர் ஒரே குதிரையின் ஆறு நகல்களில் மாறி மாறி ஏறிக் கோப்பை வென்றார். சீமான்களின் விளையாட்டுக்காகக் கருக்கள் அழிவதில் என்ன நியாயம்?

கரிசல் காட்டு வெயிலைத் தாங்கும் கன்னி ஆட்டையும் வேம்பூர் ஆட்டையும் பொறுக்கி வளர்த்தவர்கள் நம் பாட்டன்மார். எந்தக் கம்பெனியும் அல்ல. நகல் பிராணிக்குக் காப்புரிமை கிடையாது என்று 2014-ல் அமெரிக்க நீதிமன்றமே சொன்னது. ஆனால், நகலெடுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள். மந்தை முழுவதும் ஒரே அச்சாகிவிட்டால், ஒரு நோய் வந்தாலே போதும், ஆட்டுக்காரன் தெருவில் நிற்பான்.

கர்னால் நிலையம் மக்கள் பணத்தில் நடப்பது. பிழைத்த கன்றுக்குப் படம் போடுவதுபோல, செத்த கன்றுகளின் கணக்கையும் மக்கள் முன் வைக்கட்டும். நல்ல இனத்தின் பலன் இரண்டு ஆடு வைத்திருப்பவன் தொழுவத்துக்கும் வரட்டும். கன்றுக்கு வாயில்லை, நமக்கு இருக்கிறது. கேட்போம்!