மாத்திரை உறையில் ஒரு சூரியன்

நலங்கு மாவு அரைக்கக் கொடுக்கும்போது பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேரோடு கொஞ்சம் கார்போகரிசியும் சேர்ப்பது பல வீடுகளில் வழக்கம். அந்தக் கறுத்த விதைக்குள் சோரலேன் என்றொரு பொருள் இருக்கிறது. அது உடம்பில் இருக்கும்போது வெயில் பட்டால், தோலில் நிறம் தரும் அணுக்கள் விழித்துக்கொள்ளும். சித்த மருத்துவர்கள் வெண்புள்ளிக்குக் கார்போகரிசியைத் தேடியதன் பின்னால் இருப்பது இதுதான். எகிப்திலும் நைல் கரையில் விளையும் ஒரு செடியின் விதையைத் தின்றுவிட்டு வெயிலில் நின்றிருக்கிறார்கள். 1940களில் அந்த விதையிலிருந்து பிரித்தெடுத்த, சோரலேன் இனத்தைச் சேர்ந்த மெத்தாக்சலென் இன்று மாத்திரையாகவும் பூச்சாகவும் கிடைக்கிறது. குளியல் மாவில் சேர்வது சிறிதளவு, அதையும் கழுவிவிடுகிறோம். மாத்திரை அப்படியல்ல. அதில் மருந்து பாதி, வெயில் பாதி.

புறஊதாக் கதிர் விளக்கு வைத்த மருத்துவமனை எல்லா ஊரிலும் இல்லை. அதனால் சூரியனையே விளக்காகக் கொள்ளும் சிகிச்சை நம் நாட்டில் நெடுநாளாக நடக்கிறது. சாப்பிட்டுவிட்டு மாத்திரை, இரண்டு மணி நேரம் கழித்து சில நிமிட வெயில், அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். என் சித்திக்குக் காலில் வெண்புள்ளி. சுற்றிலும் பக்கத்து வீட்டு மாடிகள் இருக்க, மொட்டை மாடியில் புடவையை முழங்கால் வரை ஏற்றிக்கொண்டு நிற்பதே அவருக்குப் பெரும்பாடு. ஐந்து நிமிடம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அன்று கால் சிவக்கவில்லை, எரியவும் இல்லை. “இன்னும் கொஞ்ச நேரம் நின்னா சீக்கிரம் நிறம் வந்துடும்ல?” என்று அங்கேயே உட்கார்ந்து வடாம் பிழிந்திருக்கிறார். மூன்றாம் நாள் கணுக்கால் முழுக்கக் கொப்புளம்.

சாதாரண வெயில் காந்தல் அன்று மாலையே தெரிந்துவிடும். சோரலேன் எடுத்தவர்களுக்கு அது உச்சத்துக்கு வர இரண்டு மூன்று நாள் ஆகும். இந்த ஒரு செய்தியை யாராவது சித்தியிடம் சொல்லியிருந்தால் அவர் எழுந்து வந்திருப்பார். இன்னும் இரண்டு சொல்லியிருக்க வேண்டும். இந்த மருந்தோடு சேர்ந்து சுடுவது புறஊதா ஏ கதிர். அது ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி வரும், ஆகவே கண்ணாடி போட்ட பஸ்ஸில் ஜன்னலோரம் நிழல் அல்ல. கண்ணையும் அது கெடுக்கும். மாத்திரை விழுங்கியதிலிருந்து மறுநாள் வரை, வெளிச்சத்தில் இருக்கும் நேரமெல்லாம் புறஊதாக் கதிரை உறுதியாகத் தடுக்கும் கண்ணாடி வேண்டும். நடைபாதையில் வாங்கும் கறுப்புக் கண்ணாடியை இதற்கு நம்பவே கூடாது.

வெயிலையே கேட்கும் மருந்துக்கே இந்த நிலை என்றால், வெயிலோடு சம்பந்தமில்லாதது போலத் தோன்றும் மருந்துகளை என்ன சொல்ல? பருவுக்கு எழுதும் டாக்சிசைக்ளின் அதில் முதலாவது. மாத்திரையின் அளவு கூடக்கூட ஆபத்தும் கூடும். பகலெல்லாம் பைக்கில் உணவு கொண்டுபோகும் பையனுக்கு மூக்கும் புறங்கையும் காந்தும். சிலருக்கு நகம் சதையை விட்டுத் தூக்கிக்கொள்ளும். படர்தாமரைக்குக் கொடுக்கும் கிரைசியோஃபல்வினும் இந்த வகைதான். ட்ரெட்டினாயினை இரவில் மட்டும் பூசச் சொல்வது வெளிச்சத்தில் அது சிதைந்துவிடும் என்பதால். பூசிய தோல் மறுநாள் வெயிலையும் எளிதில் தாங்காது.

எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. மங்குக்கென்று வந்த, ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றும் கலந்த களிம்பைச் சிவப்பாக்கும் கிரீம் என்று நம்பி மாதக்கணக்கில் பூசும் பெண்களை இன்றும் பார்க்கிறேன். முகத்தோல் மெலிந்து, வெயிலில் இறங்கினாலே எரிகிறது என்கிறார்கள். மருந்துச் சீட்டு இல்லாமல் அது அவர்கள் கைக்கு வந்திருக்கவே கூடாது. வீட்டு வைத்தியம் என்று எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெளியே போவதையும் தயவுசெய்து விடுங்கள். எலுமிச்சையிலும் சோரலேன் இனத்துப் பொருள்கள் உண்டு. சாறு வழிந்த தடத்திலேயே கறுப்பு விழும்.

“வெயில்ல போகாதீங்க” என்று சொல்லி அனுப்புவது போதாது. யாரிடம் சொல்கிறோம்? தூத்துக்குடி உப்பளத்தில் வேலை பார்க்கும் அக்காவுக்கு மேலேயும் வெயில், உப்பில் பட்டுத் திரும்பிக் கீழேயும் வெயில். கொத்தனாரும் பூ விற்கும் அம்மாவும் எங்கே ஒதுங்குவார்கள்? எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறீர்கள், எங்கே நிற்பீர்கள் என்று கேட்ட பிறகுதான் டாக்டர் பேனாவைத் திறக்க வேண்டும். டாக்சிசைக்ளினுக்கு மாற்று உண்டா, விடுமுறை வரை தள்ளலாமா என்று நாமும் கேட்கலாம். பூச்சு வாங்க முடிந்தவர்கள் எஸ்பிஎஃப் எண்ணோடு பிஏ குறியையும் பார்க்க வேண்டும், புறஊதா ஏ கதிருக்கான அளவு அதுதான். வாங்க முடியாதவர்களுக்கு நெருக்கமாக நெய்த முழுக்கைச் சட்டையும் அகலத் தொப்பியும் அதைவிட உறுதியான காவல்.

மருந்துக்கடையில் மாத்திரை உறை மீது காலை, இரவு என்று கோடு போட்டுத் தருகிறார்கள். அதில் ஒரு சூரியனையும் வரைந்து, பக்கத்தில் ஒரு வரி எழுதித் தரட்டும். டாக்சிசைக்ளின் உறையில், “மாத்திரை முடிந்த பிறகும் சில நாள் கவனம்.” சோரலேன் உறையில், “சிவக்காவிட்டாலும் சொன்ன நிமிடத்தோடு நிழலுக்கு வரவும். மறுநாள் வரை கண்ணாடி.”