திருநாளில் காவல் நிற்போர்

திருநாள் நமக்கு ஓய்வு. காவலருக்கோ அன்றுதான் பெரும்பணி. விநாயகர் ஊர்வலம், ஹோலி, டிசம்பர் 31 நள்ளிரவு என நம் கோபர்கைரனே களித்திருக்கும் வேளையில், அவர்கள் மனைவி மக்களைப் பிரிந்து தெருவில் நிற்கின்றனர். குடித்தவன் ஓட்டிவரும் வண்டியைக் கைகாட்டி மறிப்பது எளிய செயலன்று.

2016 ஆகஸ்டில் மும்பையில், தலைக்கவசமின்றி வண்டி ஓட்டிவந்த சிறுவனை நிறுத்திய போக்குவரத்துக் காவலர் விலாஸ் ஷிண்டே, தலையில் தாக்கப்பட்டு 31ஆம் நாள் உயிர்நீத்தார். சாதாரண நாளிலேயே இக்கதி எனில், மது மயக்கம் மிகுந்த விழா இரவில் அபாயம் எத்துணை!

100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருப்பின் வண்டி ஓட்டுவது குற்றம். குடித்தவர் கையில் வண்டிச் சாவியைக் கொடாதிருப்போம். சிறுவரிடமும் அவ்வாறே. மறிக்கும் அக்கை நம் பிள்ளைகளைக் காக்கும் கையன்றோ!