வண்டிக் கொட்டகையைத் திறந்து பார்ப்போம்



விளாத்திகுளம் பகுதியில் வானம் பார்த்த கரிசல் நிலத்தை நம்பி வாழும் வீடுகளில் வண்டிக் கொட்டகை இல்லாத வீடு அரிது. முன்பு மாட்டுவண்டி நின்ற இடத்தில் இன்று மோட்டார் சைக்கிள் நிற்கிறது. அதனைச் சுற்றி உர மூட்டை, பருத்திமார்க் கட்டு, மிளகாய் வற்றல் சாக்கு, உடைந்த நாற்காலி, இன்னும் என்னென்னவோ! புரட்டாசி விதைப்புக்கு முன் இதனை ஒழுங்குபடுத்த வேண்டுமென்று ஒரு நாள் இறங்கினேன்.

மூலையில் ஒரு குளிர்பானப் புட்டி இருந்தது. அதில் பாதியளவு பழுப்பு நிறத் திரவம். "பருத்திக்கு அடித்த மருந்து, எந்த வருஷமோ தெரியாது" என்றார் மாமனார். அதனருகில் என் பேரன் தன் பந்தை வைத்திருந்தான். அதைக் கண்டதும் என் கைகள் நடுங்கின. அதோடு நில்லாமல், காலி மருந்து டப்பா ஒன்றைக் கழுவி, பருப்புக் கொட்டி வைக்கலாமென்று எடுத்து வைத்திருந்தவளும் நானேதான்!

2013 ஜூலை 16 அன்று பீகார் மாநிலம் சரண் மாவட்டத்துச் சிற்றூர்ப் பள்ளியொன்றில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் மாண்டனர். சமைத்த எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிமருந்து கலந்திருந்ததைத் தடயவியல் சோதனை காட்டிற்று. எண்ணெயும் மருந்தும் ஒன்றையொன்று நெருங்கியிருந்தாலே போதும், இத்தகைய கேடு விளையக்கூடும்.

ஆகவே மருந்தை அதன் சொந்தப் புட்டியிலேயே, உறையோடு, பூட்டிய பெட்டியில் வையுங்கள். உறையிலுள்ள சாய்சதுரத்தின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கொடிய நஞ்சைக் குறிக்கும். அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என நஞ்சின் கடுமை குறையும். பச்சையும் நஞ்சே என்பதை மறவாதீர்கள். காலிப் புட்டியை மும்முறை அலசி, அலசிய நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிவிட்டு, புட்டியில் துளையிட்டு விடுங்கள். பிறகு யாரும் அதில் எதையும் ஊற்ற மாட்டார்கள். அடையாளம் தெரியாத மிச்ச மருந்தைக் கிணற்றிலோ கண்மாயிலோ கொட்டலாகாது. வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டு அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். விதைநேர்த்தி செய்த விதையைத் தின்னும் தானியத்தோடு ஒரே இடத்தில் வைக்கவும் கூடாது.

மற்றவை எளிது. உர மூட்டைகளைத் தரையில் போடாமல் பலகைமேல் அடுக்கினால் ஈரம் ஏறாது. பெட்ரோல் கசியும் வண்டியின் அருகே பருத்திமார் கிடக்கலாகாது. அதை வெளியே அடுக்கினேன். உடைந்த நாற்காலி விறகாயிற்று. பழைய இரும்பைக் காயலான் கடைக்காரரிடம் போட்டோம்.

பழைய நுகத்தடி ஒன்று மட்டும் எஞ்சியது. அதையும் விறகாக்க மாமனார் இசையவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. சுவரில் ஆணி அடித்து மாட்டினோம். இடத்தை அடைக்காமல் அது அங்கேயே தொங்குகிறது.