அட்டையும் கயிறும்

பிரிட்டனில் வீடுகளும் பாலங்களும் எழும் இடங்களில், வேலிக்குள் பழைய மரங்கள் நிற்பதுண்டு. அவற்றுள் சிலவற்றை வெட்டலாகாது என்று நகர சபைகள் தடுத்து வைத்திருக்கின்றன. ஆனால் பாரந்தூக்கி யந்திரத்தின் கைக்குக் குறுக்கே நீண்ட கிளையைக் களைய வேண்டியிருக்கும். பட்டுப்போன கொம்பைக் கீழே இறக்க வேண்டியிருக்கும். அதற்கென்றே கயிறும் சங்கிலி ரம்பமும் கொண்டு ஒரு தொழிலாளி வருகிறார். மரத்துக்கு ரண சிகிச்சை செய்பவர் என்ற பொருளில் அந்நாட்டார் அவருக்குப் பெயரிட்டிருக்கிறார்கள். நாம் மர வைத்தியர் என்று சொல்லுவோம். அவர் வாயிலை அடைந்ததும் காவலன் முதலில் கேட்பது கட்டடத் தொழிலாளர் அட்டையை. அட்டை இருந்தால் கதவு திறக்கும். இல்லையேல் 20 வருஷம் மரமேறிப் பழகிய கையும் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். இந்த ஏற்பாட்டினால் உயிர் காக்கப்படுகிறதா என்பதே நாம் இன்று எழுப்பும் கேள்வி.

முதலில் ஒரு தப்பபிப்பிராயத்தை நீக்கிவிடுவோம். ஸி. எஸ். ஸி. எஸ். என்று சுருக்கமாக வழங்கும் அட்டைத் திட்டம் 1995-ம் வருஷத்தில் கட்டடத் தொழில் துறையினரால் ஏற்படுத்தப்பட்டது. பார்லிமெண்டு இயற்றிய எந்தச் சட்டமும் அவ்வட்டையைக் கட்டாயமாக்கவில்லை. பெரிய கண்டிராக்டர்கள் தங்கள் வேலையிடத்துக்குத் தாங்களே விதித்துக்கொண்ட நிபந்தனை அது. அட்டையிலும் பல நிறங்கள் உண்டு. பச்சை அட்டை சாதாரணக் கூலியாளுக்கு உரியது. நீல அட்டை ஒரு தொழிலில் தேர்ச்சி பெற்றவருக்கு உரியது. தோட்டம், மரம் முதலிய தொழில்களுக்கென்று தனிப் பிரிவும் இருக்கிறது. படிப்புத் தகுதியின்றிப் பழைய அனுபவத்தையும் முதலாளியின் சிபாரிசையும் கொண்டு வழங்கப்பட்டு வந்த அட்டைகளோ 2024-ம் வருஷ முடிவோடு செல்லாமற் போயின.

அட்டையை வேண்டுவோர் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. வீட்டுத் தோட்டம் வேறு, கட்டட மனை வேறு. பின்னோக்கி வரும் லாரி, மூடாத பள்ளம், தலைக்கு மேல் நகரும் பாரம், பாதி எழுந்த சாரம் ஆகிய இவையெல்லாம் மரத்தை மட்டுமே அறிந்தவருக்குப் புதிய அபாயங்கள். இவற்றைப் பற்றி ஒரு நாள் பாடம் கேட்டு ஒரு பரீட்சை எழுதி வா என்று சொல்லுவது கொடுமையாகாது. இதை நாம் தடையின்றி ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால் அட்டையை விதித்தவர்கள் தங்கள் ஜவாப்தாரி அதனோடு தீர்ந்தது என்று எண்ணத் தலைப்படுகிறார்களே, அங்கேதான் தீங்கு தொடங்குகிறது. சட்டம் அவர்களை அவ்வளவு எளிதில் விடவில்லை. 1974-ம் வருஷத்துத் தொழிலாளர் சுகாதார பந்தோபஸ்துச் சட்டத்தின் கீழ் ஏற்பட்ட விதிகள் பல. வேலைக் கருவிகள் பற்றிய 1998-ம் வருஷத்து விதிகளை ஒட்டிய நடைமுறைக் கோவை, மரத்தில் சங்கிலி ரம்பம் பிடிப்பவர் தக்க பயிற்சியும் அதற்குரிய தேர்ச்சிப் பத்திரமும் பெற்றிருக்க வேண்டும் என்கிறது. பாரந்தூக்கும் சாதனங்களைப் பற்றி அதே வருஷத்தில் வந்த விதிகள், மனிதரைத் தாங்கும் கயிறும் கச்சையும் 6 மாதத்துக்கு ஒரு முறை நிபுணரால் பரிசோதிக்கப்பட வேண்டும் என்கின்றன. உயரத்தில் வேலை செய்வது பற்றிய 2005-ம் வருஷத்து விதிகளின்படி, கயிற்றில் தொங்குபவருக்குத் தனித்தனியே கட்டிய இரண்டு கயிறுகள் வேண்டும். இரண்டாவது கயிறே அபாயத்தை மிகுவிக்கும் என்று ஆராய்ந்து கண்டாலொழிய அதற்கு விலக்கில்லை. 2015-ம் வருஷத்து நிர்மாண விதிகளோ, ஒருவரை வேலைக்கு அமர்த்துபவர் அவருக்குத் திறமையும் அறிவும் அனுபவமும் உண்டா என்று தாமே விசாரித்துத் திருப்தியடைய வேண்டும் என்கின்றன. விசாரிக்க வேண்டியவர் வேலை கொடுப்பவர். அக்கடமையை வாயிற்காவலன் தலையில் கட்டிவிட்டு அவர் உறங்கலாகாது.

மர வைத்தியரின் தேர்ச்சிப் பத்திரங்களை எடுத்துப் பார்த்தால் காரியம் இன்னும் விளங்கும். ரம்பத்தைப் பராமரித்து, விழுந்த மரத்தைத் துண்டிப்பதற்கு ஒரு பத்திரம். 380 மில்லிமீட்டர் விட்டம் வரையுள்ள சிறு மரத்தைச் சாய்ப்பதற்கு ஒன்று. மரமேறுவதற்கும், மேலே அகப்பட்டவரை மீட்டு இறக்குவதற்கும் ஒன்று. கயிற்றில் தொங்கியபடி ரம்பம் பிடிப்பதற்கு வேறொன்று. தரையில் நின்று மரம் சாய்க்க வல்லவர் கிளையில் நின்று ரம்பம் பிடிக்க வல்லவர் ஆகார். அட்டையின் நிறம் இந்த வேற்றுமைகளையெல்லாம் காவலனுக்குச் சொல்லுமா? பச்சை அட்டையோடு ஒருவன் உள்ளே போகிறான். மேஸ்திரி அண்ணாந்து பார்த்து, அந்தக் கொம்பையும் இறக்கிவிடு என்கிறார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் பாட்டிமாரும் அறிந்த உண்மை.

இதனினும் பெரிய அபாயம் ஒன்று உண்டு. அது எந்தப் பத்திரத்திலும் எழுதப்படாதது. மரம் நிற்பது வேரால். நிர்மாண வேலைகளில் மரங்களைக் காப்பது பற்றிய 2012-ம் வருஷத்துப் பிரிட்டிஷ் தர நிர்ணயம், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் விட்டத்தை அளந்து, அதன் 12 மடங்கு தூரம் வரை வேர்ப்பகுதியைக் காக்கும்படி சொல்லுகிறது. விட்டம் 50 சென்டிமீட்டரானால், நாற்புறமும் 6 மீட்டர். அந்த எல்லைக்குள் சென்ற வாரம் குழாய் புதைக்கப் பள்ளம் தோண்டினார்கள் என்று வைத்துக்கொள்வோம். யந்திரத்தின் வாய் வேர்களை அறுத்தது. பிறகு மண்ணைப் போட்டு மூடிவிட்டார்கள். மேலே இலை பச்சையாகவே இருக்கிறது. இன்று மர வைத்தியர் வந்து அதே மரத்தில் தம் கயிற்றைக் கட்டுகிறார். நுனிமரத்தில் அமர்ந்து அடிமரத்தை வெட்டுபவனை மூடன் என்கிறோம். நுனிமரத்தில் ஒருவன் அமர்ந்திருக்க, அவனுக்குத் தெரியாமல் அடிவேரை மற்றொருவன் வெட்டி வைத்திருந்தால், அந்த இரண்டாமவனுக்கு என்ன பெயர் இடுவது?

பள்ளம் தோண்டியதை அறிந்தவர் வேலையிடத்து மானேஜர். வேர் போனால் மரம் என்னாகும் என்பதை அறிந்தவர் மர வைத்தியர். இவ்விருவரும் கயிறு மேலே போகுமுன் கால் மணி நேரம் பேசினால் ஓர் உயிர் பிழைக்கும். புதிதாக வருபவருக்கு இடத்தின் அபாயங்களை எடுத்துச் சொல்லும் கடமையைப் பிரதான கண்டிராக்டர் மீது 2015-ம் வருஷத்து விதிகள் முன்னமே சுமத்தியிருக்கின்றன. அதை வெறும் கையெழுத்துச் சடங்காக்காமல் நடத்தினால் போதும்.

ஆகவே நமது யோசனை யாதெனில், வாயிலில் அட்டையைக் கேட்கட்டும். ஆனால் அதோடு நிற்க வேண்டாம். செய்யப்போகும் வேலைக்குரிய தேர்ச்சிப் பத்திரம் எங்கே? கயிறு கடைசியாகப் பரிசோதிக்கப்பட்ட தேதி என்ன? மேலே இருப்பவருக்கு அடிபட்டால் ஏறி இறக்க வல்ல இரண்டாமவர் தரையில் இருக்கிறாரா? இம்மரத்தைச் சுற்றி எங்கே தோண்டினோம்? இந்நான்கு கேள்விகளுக்கும் விடை கிடைத்த பிறகே கயிறு மேலே போகட்டும். அட்டைக்கும் பாடத்துக்கும் ஆகும் செலவையும், அதனால் இழக்கும் ஒரு நாட்கூலியையும், அட்டையை விதித்த கண்டிராக்டரே ஏற்கட்டும். பிரிட்டனில் மர வைத்தியர் பலர் சொந்தமாகத் தொழில் நடத்தும் சிறு மனிதர்கள். லாபம் ஒருவருக்கும், நிபந்தனையின் செலவு மற்றொருவருக்கும் என்பது நீதியன்று.

இத்தனை விசாரணைக்கு நேரமேது என்று கேட்பார்கள். விபத்து நிகழ்ந்தபின் கோர்ட்டில் செலவாகும் நேரத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கும்படி அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். அந்நாட்டு வேலையிடங்களில் உயிரைப் பறிக்கும் காரணங்களுள் முதன்மையானது உயரத்திலிருந்து விழுதல். விழுந்தவன் சட்டைப்பையில் செல்லுபடியான அட்டை இருந்தது என்று அதிகாரிகள் குறித்துக்கொள்ளலாம். அவன் மனைவி மக்களுக்கு அந்தக் குறிப்பினால் யாது பயன்? மனிதனைத் தாங்குவது கயிறு. கயிற்றைத் தாங்குவது மரம். மரத்தைத் தாங்குவது வேர். இம்மூன்றையும் பாராமல் அட்டையை மட்டும் பார்க்கும் ஏற்பாடு, முதலாளியின் மனச்சாட்சியைக் காக்குமேயன்றித் தொழிலாளியின் உயிரைக் காவாது.